பழைய சிப்புகளால் ஒரு கணினி: திருகோணமலையில் எந்தக் கிட்டை வாங்குவது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1970களிலும் 80களிலும் வந்த சிப்புகளைக் கொண்டு ஒரு முழுக் கணினியைத் தம் கையாலேயே கட்ட வேண்டும். அதற்கு எந்தக் கிட்டை, அதாவது பாகங்கள் எல்லாம் சேர்ந்து வரும் பொதியை, வரவழைப்பது? கைப்பேசிக்குள் நடப்பதை யாரும் திறந்து பார்க்க முடியாத இந்தக் காலத்தில், ஒரு கணினியின் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அதனால் ஒரு பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், காரணங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

கிட்டுகளை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, திரையில் படம் வருமா, என்ன மென்பொருள் ஓடும் என்றுதான் பார்க்கிறார்கள். திருகோணமலையில் இருந்து கட்டுபவருக்கு அவையெல்லாம் பிறகு வரும் கேள்விகள். லண்டனில் இருப்பவர் ஒரு சிப்பைக் கருக்கிவிட்டால் ஓரிரு நாளில் இன்னொன்று தபாலில் வந்து சேரும். நமக்கு அது வாரக் கணக்கு. சில வேளை அனுப்பும் செலவு சிப்பின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே நான் முதலில் பார்ப்பது வேறு. கட்டி முடித்து மின்சாரம் கொடுத்ததும் கணினி இயங்காவிட்டால், பிழை எங்கே இருக்கிறது என்பதை ஒரு மல்டிமீட்டரையும் ஒரு கைப்பிடி எல்.ஈ.டி. விளக்குகளையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? மின் அலைகளைத் திரையில் காட்டும் அலைவுகாட்டி நம் பிள்ளைகளின் வீட்டில் கிடையாது. முதல் முறை கட்டும் கணினி மின்சாரம் கொடுத்தவுடன் இயங்குவதும் அரிது. எனவே இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரும் கிட்டே நமக்கான கிட்.

இப்படிப் பார்த்தால் என் தெரிவு, சோல்டர் செய்யாமல் கம்பிகளைச் செருகியே சுற்றுக் கட்டும் பிரெட்போர்டு என்ற பலகையில், 65சி02 என்ற செயலிச் சிப்பைக் கொண்டு கட்டும் கணினி. இசட்80 என்ற செயலிச் சிப்பில் இயங்கும் ஆர்.சி.2014 அதற்கு அடுத்த இடம். சிலருக்கு அதுவே முதல் இடம். மற்றவை எல்லாம் நல்லவைதான், ஆனால் முதல் கணினியாக அல்ல.

ஒரு வகையை உடனேயே ஒதுக்கிவிடலாம். பிடிபி-11 போன்ற பெரிய கணினிகளின் முன்பலகையை அப்படியே சிறிதாக்கிச் செய்த பைடிபி-11, 1975இன் அல்டெயர் 8800 கணினியைப் போலச் சுவிட்சுகளும் விளக்குகளும் கொண்ட அல்டெயர்-டுயினோ ஆகியவை பார்க்க மிக அழகானவை. ஆனால் உள்ளே இருப்பது ராஸ்பெரி பை அல்லது ஆர்டுயினோ என்ற இன்றைய சிறு பலகை. பழைய கணினி அதில் ஒரு மென்பொருளாகத்தான் ஓடுகிறது. செய்தவர்களும் அதை மறைப்பதில்லை. அந்தக் கால மென்பொருளை அறிய விரும்புபவருக்கு அவை பொருத்தம். கம்பியைத் தொட்டுப் பார்க்க விரும்புபவருக்கு அங்கே தொடுவதற்கு எதுவும் இல்லை. 1980களின் வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரத்தைச் சாதாரணத் தர்க்கச் சிப்புகளால் மீண்டும் உருவாக்கும் ஹார்லெகுயின் போன்ற போர்டுகளையும் இப்போதைக்கு விடலாம். சிறுவயதில் அந்தக் கணினியில் விளையாடியவர்களுக்கு அது பொக்கிஷம், புதிதாகச் சோல்டரிங் அயனைப் பிடிப்பவருக்கு நீண்ட பாதை.

நிறுத்தி வைக்கக்கூடிய கணினி

6502 சிப்பை எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனம் 1975இல் வெளியிட்டது. போட்டிச் சிப்புகள் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்ற நேரத்தில் சக் பெடிலின் குழு இதை 25 டொலருக்குக் கொடுத்தது. ஆப்பிள் 1, ஆப்பிள் 2, பி.பி.சி. மைக்ரோ எல்லாம் இதில்தான் ஓடின. கொமடோர் 64, அட்டாரி 2600 ஆகியவற்றில் இருந்தது இதன் நெருங்கிய உறவு. அந்தக் குழுவில் இருந்த பில் மென்ஷ் பின்னர் தொடங்கிய வெஸ்டர்ன் டிசைன் சென்டர் நிறுவனம், டபிள்யூ65சி02எஸ் என்ற, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமோஸ் வகை வடிவத்தை 40 கால்களுடன் இன்றும் புதிதாக உற்பத்தி செய்கிறது. பழைய வடிவமைப்பு, புதிய சிப், நம்பகமான விநியோகம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் வேறு அதிகம் இல்லை.

இந்தச் சிப்பைச் சுற்றி அமெரிக்கரான பென் ஈட்டர் வடிவமைத்த கிட்டில் மின்சாரம் போனாலும் நிரலை வைத்திருக்கும் 32 கிலோபைட் ஈஈபிரோம், தற்காலிக நினைவகமான 32 கிலோபைட் ராம், வெளியுலகத்துடன் பேசும் 65சி22, இரண்டு வரியில் வரிக்கு 16 எழுத்துக் காட்டும் எல்.சி.டி. திரை, பிரெட்போர்டுகள், கம்பிகள் எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு கம்பியும் ஏன் அங்கே போகிறது என்று அவர் காணொளிகளில் பொறுமையாக விளக்குகிறார். ஆங்கிலம்தான், ஆனால் படத்தைப் பார்த்தே பாதி புரியும்.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் காணொளிகள் அல்ல. இந்தச் சிப்பின் கடிகாரத்தை, அதாவது அதை ஒவ்வொரு படியாக நகர்த்தும் மின் துடிப்புகளை, நிறுத்தி வைக்கலாம் என்பதுதான். 1975இன் பழைய என்மோஸ் வகை 6502 உள்ளே இருக்கும் எண்களை மிகச் சிறிய மின்னேற்றமாகத் தாங்கி வைத்திருந்தது. கடிகாரம் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போனால் அந்த மின்னேற்றம் கசிந்து எண்கள் அழிந்துவிடும். இன்றைய 65சி02 அப்படியல்ல. ஒரு துடிப்பைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து அடுத்த துடிப்பைக் கொடுத்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். 555 என்ற, துடிப்புகளை உண்டாக்கும் மலிவான சிப்புகளைக் கொண்டு செய்யும் ஒரு சிறு கடிகாரச் சுற்றில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு.

இதனால் என்ன பயன் என்பதை முதல் சோதனையே காட்டிவிடும். நினைவகம் எதுவும் இல்லாமல், சிப்பின் எட்டுத் தரவுக் கால்களையும் 1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் மூலம் 5 வோல்ட்டுக்கோ தரைக்கோ இணைத்து 11101010 என்ற எண்ணை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். பதினாறின் அடியில் அது ஈஏ. 6502இன் மொழியில் அதன் பொருள் “ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ”. ரீசெட் கொடுத்ததும் சிப் தன் உள் ஒழுங்கை முடித்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்பதை எஃப்எஃப்எஃப்சி, எஃப்எஃப்எஃப்டி என்ற இரண்டு முகவரிகளில் தேடும். அங்கேயும் ஈஏ, ஈஏ. ஆகவே ஈஏஈஏ என்ற முகவரியில், நம் எண்முறையில் 60138இல், அது வேலையைத் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே எண்ணிக்கொண்டு போகும். முகவரிக் கம்பிகளில் வரிசையாக எல்.ஈ.டி. விளக்குகளைச் செருகிவிட்டால் அந்த எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்கலாம்.

உவர்மலையில் எங்கள் வீட்டு மேசையில் இதைச் செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டு, “சேர், ஏன் இரண்டு முறை அழுத்தினால்தான் ஒன்று கூடுகிறது?” என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே கண்டது அது. 6502இல் இந்தக் கட்டளைக்கு இரண்டு துடிப்புகள் வேண்டும். முதல் துடிப்பில் கட்டளையைப் படிக்கிறது. இரண்டாவதில் அடுத்த முகவரியை எட்டிப் பார்த்து, கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, அடுத்த துடிப்பில் அதே முகவரியை மறுபடியும் முறையாகப் படிக்கிறது. ஆகவே ஒவ்வொரு முகவரியும் விளக்குகளில் இரண்டு துடிப்புகளுக்கு நிற்கிறது. கட்டளையைக் கொணர்ந்து நிறைவேற்றும் வட்டத்தைப் பரீட்சைக்காக வரைந்து பழகிய பிள்ளை, அந்த வட்டம் சுழல்வதைத் தன் விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். இதற்காகவே இந்தக் கிட்டுக்கு எவ்வளவு செலவானாலும் தகும் என்று நினைக்கிறேன்.

பிழை பிடிப்பதும் இதே வழியில்தான். கணினி 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும்போது ஒரு காலில் மல்டிமீட்டரை வைத்தால் ஏதோ ஒரு சராசரி வோல்ட் காட்டும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கடிகாரத்தை நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு காலும் 0 அல்லது 5 வோல்ட்டுக்கு அருகில் அசையாமல் நிற்கும். சாதாரண மல்டிமீட்டரே போதுமான கருவியாகிவிடுகிறது. எண்ணிக்கையில் ஒரு விளக்கு மட்டும் மற்றவற்றோடு சேராமல் நின்றால் எந்தக் கம்பி என்று உடனே தெரியும். எல்லா விளக்குகளும் கண்டபடி மினுங்கினால் 36ஆம் கால் 5 வோல்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால் அந்தரத்தில் இருந்தால் சிப் முகவரிகளை வெளியே விடுமா விடாதா என்பதே உறுதியில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு வரித் திரைக்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பின்னர் மடிக்கணினியுடன் பேசுவதற்குச் சேர்க்கும் 65சி51 சிப்பில், எழுத்தை அனுப்பி முடித்துவிட்டேனா என்பதைச் சரியாகச் சொல்லாத பிழை ஒன்று உண்டு. உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட பிழை. நிரலில் சிறு காத்திருப்பைச் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். பெரிய குறை வேறு: ஈஈபிரோமில் நம் நிரலை எழுதுவதற்கு ஒரு புரோகிராமர் கருவி தனியாக வாங்க வேண்டும். கிட்டின் விலையைப் பார்த்துப் பணம் சேர்ப்பவர்கள் மறப்பது இதைத்தான். ஆனால் இது தினமும் தேவைப்படும் கருவி அல்ல. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் நான்கு கணினிக்கும் போதும்.

சோல்டர் செய்து மூடும் இசட்80

இன்டெலை விட்டு வெளியே வந்த ஃபெடெரிக்கோ ஃபாஜின் தொடங்கிய சைலாக் நிறுவனம் 1976இல் இசட்80 சிப்பை வெளியிட்டது. ஸ்பெக்ட்ரம், ஜப்பானின் எம்.எஸ்.எக்ஸ். கணினிகள், டி.ஆர்.எஸ்-80 எல்லாம் இதன் பிள்ளைகள். இங்கிலாந்தில் ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்த ஆர்.சி.2014, இந்தச் சிப்பைக் கொண்ட கிட்டுகளில் மிகவும் ஒழுங்கானது. செயலி, நிரந்தர நினைவகமான ரோம், ராம், கடிகாரம், மடிக்கணினியுடன் பேசும் தொடர் இணைப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு சிறு போர்ட். எல்லாவற்றையும் ஒரு தாய்ப் பலகையில் வரிசையாகச் செருக வேண்டும். ரோமில் மைக்ரோசாஃப்ட் பேசிக் மொழி ஏற்கெனவே எழுதப்பட்டு வருவதால் புரோகிராமர் தேவையில்லை. 32 கிலோபைட் ராம். யு.எஸ்.பி. தொடர் கம்பி ஒன்றால் மடிக்கணினியில் இணைத்தால் அதுவே விசைப்பலகையும் திரையும் ஆகிறது.

கடிகாரம் 7.3728 மெகாஹேர்ட்ஸ். ஏன் இப்படி ஓர் ஒழுங்கில்லாத எண் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். 7,372,800ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள்: மிச்சமில்லாமல் 115,200 வரும். மடிக்கணினியுடன் பேசும் வேகம் அதுவே, வினாடிக்கு அத்தனை பிட். துடிப்பைத் தரும் ஒரே படிகத்தால் செயலியையும் தொடர் இணைப்பையும் ஓட்டிவிடுகிறார்கள். இப்படி ஒவ்வொரு முடிவிலும் ஒரு சிக்கனம் தெரியும். அந்தக் காலப் பொறியியலைப் படிக்க இதுவும் ஒரு நல்ல பாடப்புத்தகம்.

இதைக் கட்டுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி 6502இல் கிடைப்பது அல்ல, வேறு வகை. சோல்டரிங் பழகிய ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அன்று மாலையே பேசிக்கில் நிரல் எழுதலாம். பிறகு 64 கிலோபைட் ராமும் கொம்பெக்ட் ஃபிளாஷ் அட்டையும் சேர்த்தால் கேரி கில்டால் 1970களில் எழுதிய சி.பி.எம். இயங்குதளம் ஓடும், அந்தக் காலத்துச் சொற்செயலிகளும் மொழிகளும் அதில் ஓடும். பயன்படுத்துவதற்கு ஒரு கணினி வேண்டும் என்றால் ஆர்.சி.2014 தெளிவாகவே முன்னால் நிற்கிறது. சோல்டர் செய்த இணைப்பு நம் கடற்காற்றுக்கும் தாக்குப்பிடிக்கும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆனால் இயங்காவிட்டால்? ஏழு மெகாஹேர்ட்ஸில் ஓடும் போர்டில் விளக்குகள் எதையும் காட்டாது. சோல்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் பார்க்கலாம். ஈயம் பக்கத்துக் காலில் ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். பெரும்பாலான பிழைகள் அதிலேயே அகப்படும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அகப்படாவிட்டால்தான் கஷ்டம். சீமோஸ் இசட்80இன் கடிகாரத்தையும் நிறுத்தி வைக்கலாம். தரவுக் கம்பிகள் எட்டையும் தரைக்கு இணைத்தால் 00, அதாவது இசட்80இன் “ஒன்றும் செய்யாதே” கட்டளை. ரெசிஸ்டர்களைக் கணக்குப் பார்த்து வைக்கும் வேலைகூட இல்லை. ஆனால் இசட்80 ஒவ்வொரு கட்டளையைப் படித்த பின்னும், அந்தக் காலத்து டைனமிக் நினைவகத்தைப் புதுப்பிப்பதற்காக இன்னொரு முகவரியை வெளியே விடும். தொடக்கத்தில் இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றாகவே போவதால் ஒன்றும் தெரியாது. 127ஐத் தாண்டியதும் மேல் முகவரி விளக்குகள் ஒரே கட்டளைக்குள் எரிந்து அணையத் தொடங்கும். காரணம் தெரிந்தவருக்கு அது அற்புதமான காட்சி. தெரியாதவர் நல்ல கம்பியைப் பிடுங்கத் தொடங்குவார்.

இன்னொன்றும் இருக்கிறது. தனிச் சிப்பாக விற்ற இசட்80ஐ நிறுத்தப் போவதாக சைலாக் 2024 ஏப்ரலில் அறிவித்தது. கடைசிக் கொள்வனவுக் கட்டளைக்கான நாள் அந்த ஆண்டு ஜூன் 14. உலகில் இருப்பில் உள்ள இசட்80 சிப்புகள் ஏராளம். கிட் விற்பவர்களும் தமக்கென்று வாங்கி வைத்திருக்கிறார்கள். நாளைக்கே தீர்ந்துவிடாது. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளில் உண்மையான சிப்பையும் போலியையும் பிரித்தறியும் வேலை நம் தலையில் விழும். 65சி02க்கு இன்று அந்தக் கவலை இல்லை.

மலிவும் ஆழமும்

இசட்80-எம்.பி.சி.2 என்ற போர்டைப் பலர் கேட்கிறார்கள், விலை காரணமாக. செயலி, ராம், ஒரு தர்க்கச் சிப், ஏ.டி.மெகா32 என்ற ஒரு நவீன நுண்கட்டுப்படுத்திச் சிப் என்று நான்கே சிப்புகள். நினைவக அட்டையில் இருந்து சி.பி.எம். ஓடும். காசுக்கு இதைவிட அதிகம் தரும் கிட் எனக்குத் தெரியாது. ஆனால் ரோமின் வேலையையும் வெளியிணைப்புகளின் வேலையையும் அந்த நவீன ஏ.டி.மெகாவே செய்துவிடுவதால், கற்க வேண்டிய பாதி அதற்குள் மறைந்துவிடுகிறது. இரண்டாவது கணினியாக வாங்குங்கள்.

மறுமுனையில் இருப்பது செயலிச் சிப்பே இல்லாமல் 74 வரிசைத் தர்க்கச் சிப்புகளால் செயலியையே கட்டுவது. பென் ஈட்டரின் எட்டு பிட் கணினி அந்த வகை. ராம் வெறும் 16 பைட். நெதர்லாந்தில் பிறந்த ஜிகாட்ரானும் அப்படியே, ஆனால் அது 6.25 மெகாஹேர்ட்ஸில் ஓடி 64 நிறங்களில் திரையில் படமே காட்டும். உயர்தரப் பாடத்தில் படலைகளையும் கூட்டிகளையும் தாளில் வரைந்து படித்தவர்களுக்கு, அவற்றைக் கையில் எடுத்து ஒரு கணினியாக அடுக்குவதைவிட ஆழமான கல்வி இல்லை. சிப்புகள் எல்லாம் சாதாரணமானவை. கருகினால் கொழும்பிலேயே தேடிப் பிடிக்கலாம். இதை முதல் தெரிவாக வைக்க எனக்கு மனம் இழுக்கிறது.

ஆனால் பிரெட்போர்டுகள் பல வரிசையில் விரியும்போது மின்சாரமே எதிரியாகிறது. 74 வரிசையின் எல்.எஸ். வகைச் சிப்புகள் அதிக மின்னோட்டம் குடிப்பவை. ஒரு மூலையில் 5 வோல்ட் கொடுத்தால் மறு மூலையில் 4.75க்குக் கீழே இறங்கிவிடும். அதற்குக் கீழே எல்.எஸ். சிப்புகள் சரியாக இயங்கும் என்று உத்தரவாதம் கிடையாது. கடையில் எல்.எஸ். இல்லை, அதே வரிசையின் எச்.சி. வகை இருக்கிறது என்று கலந்து வாங்கிவிட்டால் இன்னொரு சிக்கல்: எல்.எஸ். “ஒன்று” என்று அனுப்பக்கூடிய 2.7 வோல்ட்டை, 3.5 வோல்ட் எதிர்பார்க்கும் எச்.சி. “ஒன்று” என்று ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் சேர்க்க வேண்டியிருந்தால் எச்.சி.டி. வகையைக் கேளுங்கள். இப்படிப்பட்ட பிழைகள் ஒருநாள் வரும், மறுநாள் மறையும். தனியாகக் கட்டும் ஒருவர் சலித்துக் கைவிடுவதற்கு இதுவே காரணமாகிறது. ஒரு பாடசாலைக் குழு ஓர் ஆண்டுத் திட்டமாக எடுத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைப்பேன்.

வாங்கும் இடமும் போலிச் சிப்பும்

கிட்டாக வாங்காமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய சிப் பொதிகளை வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செயலியைப் பொறுத்தவரை வேண்டாம். பழைய போர்டுகளில் இருந்து கழற்றிய சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூசி, புதிய பெயர் அச்சிட்டு விற்பது பரவலான வியாபாரம். நகப்பூச்சு நீக்கும் அசிற்றோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கறுப்பும் எழுத்தும் சேர்ந்து வருமானால் சந்தேகமே வேண்டாம். சிப்பில் இருக்கும் நான்கு இலக்கத் திகதியையும் வாசியுங்கள்: 8432 என்றால் 1984ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். திகதி ஒரு காலத்தையும் பெயர் வேறொரு காலத்தையும் சொன்னால் அது போலி.

65சி02 என்று எழுதிய சிப்புக்குள் பழைய 6502 இருந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது. கடிகாரத்தை நிறுத்தியதும் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். நீங்கள் கம்பிகளில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய 6502இல் 1ஆம் கால் தரை. டபிள்யூ65சி02எஸ்இல் அதே கால் வெளியீடு. பழைய சுற்றுப்படத்தைப் பார்த்து அதைத் தரைக்கு இணைத்தால் அந்த வெளியீட்டைக் குறுக்குச்சுற்றாக்கிவிடுவீர்கள்.

ஆகவே என் வழி இது. செயலி, 65சி22, ஈஈபிரோம் ஆகிய முக்கியச் சிப்புகள் கிட் விற்பவரிடம் இருந்தோ, மவுசர் போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் இருந்தோ வர வேண்டும். செயலியை ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ரெசிஸ்டர், கபாசிட்டர், எல்.ஈ.டி., கம்பி, 74 வரிசைச் சிப்புகள் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். கொழும்புக்குப் போகும் யாரிடமாவது பட்டியலைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் மாமா, சித்தி யாராவது இருந்தால் கிட்டை அவர்களது முகவரிக்கு வரவழைத்துக் கொண்டுவரச் சொல்வது நம் ஊரில் வழக்கம்தான். தபாலில் வரவழைத்தால் கிட்டின் விலையோடு அனுப்பும் செலவையும் சுங்கத்தில் கேட்கக்கூடிய வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கண்ணாடிச் சாளரம் உள்ள பழைய ஈபிரோம் சிப்புகள் பார்க்க அழகு என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். அவற்றை அழிப்பதற்குப் புற ஊதா விளக்கு வேண்டும். நேரடி வெயிலில் வைத்தால் அழிய ஒரு வாரம் அளவில் ஆகும் என்று உற்பத்தியாளர்களின் தரவுத்தாள்கள் சொல்கின்றன. திருகோணமலை வெயிலுக்குக் குறைவில்லை; ஆனால் ஒரு நிரலைத் திருத்த ஒரு வாரம் காத்திருப்பவரால் எதையும் கற்க முடியாது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் 28சி256 போதும்.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

பிரெட்போர்டைப் பரிந்துரைக்கும் எனக்குள்ள ஒரே தயக்கம் நம் காற்று. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரம். யன்னல் கிராதியைத் தின்னும் உப்பு, பிரெட்போர்டுக்குள் இருக்கும் உலோகப் பிடிகளையும் விடுவதில்லை. வாடைக் காலத்து ஈரம் சேரும்போது இன்னும் மோசம். ஐப்பசியில் சரியாக ஓடிய சுற்று தையில் தடுமாறும். சிப்பைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளிபோல் இருந்த கால்கள் மங்கிச் சாம்பல் நிறமாகியிருக்கும். கழற்றிச் செருகினால் உராய்வில் மீண்டும் இயங்கும், சில நாளைக்கு.

இதற்கு நான் பின்பற்றும் வழக்கம் எளியது. வேலை முடிந்ததும் முழுப் பலகையையும் மூடி இறுக்கமான பெரிய பிஸ்கட் டின் ஒன்றில், சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்துவிட வேண்டும். மலிவான பிரெட்போர்டு வாங்கக் கூடாது. கம்பியைச் செருகும்போது பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சிப்புக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிரெட்போர்டை நிரந்தர வீடாக நினைக்காமல் இருப்பது. கணினி ஓடி, நீங்கள் அதைப் புரிந்துகொண்டதும், அடுத்த வாடைக்கு முன் அதே சுற்றைத் துளைப் பலகையில் சோல்டர் செய்து மாற்றிவிடுங்கள். சிப்புகளுக்குக் கடைந்த கால்கள் உள்ள சாக்கெட்டை வாங்குங்கள். தகட்டுச் சாக்கெட்டைவிட விலை கூட, ஆனால் பிடி விடாது.

மின்வெட்டைப் பொறுத்தவரை 65சி02க்கு ஒரு வசதி உண்டு: மிகக் குறைந்த மின்னோட்டமே வேண்டும். பவர் பேங்கில் நீண்ட நேரம் ஓடும். ஒரு விசித்திரம் மட்டும் கவனிக்க வேண்டும். எடுக்கும் மின்னோட்டம் குறைவாக இருப்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். கணினி சிறிது நேரம் ஓடி நின்றுபோனால் நிரலைச் சந்தேகிக்கும் முன் பவர் பேங்கைப் பாருங்கள். எல்.சி.டி. திரையின் பின்விளக்கையும் சில எல்.ஈ.டி.களையும் எரிய விட்டால் சரியாகிவிடலாம். இல்லாவிட்டால் நல்ல கைப்பேசிச் சார்ஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எதில் இருந்து எடுத்தாலும், 5 வோல்ட்டைச் சார்ஜரில் அளக்காமல் சிப்பின் காலில் அளந்து பாருங்கள்.

யாருக்கு எது

கணினி எப்படி இயங்குகிறது என்று அறிய ஆசைப்படும் மாணவருக்கு 65சி02, சந்தேகமின்றி. நேரம் குறைவாக உள்ளவர், சோல்டரிங் ஏற்கெனவே பழகியவர், ரேடியோ திருத்தும் கை உள்ளவர், கட்டியதில் நிரல் எழுதி மகிழ விரும்புபவர், இவர்களுக்கு ஆர்.சி.2014. வீட்டில் யாரும் பொறுமையாகப் பக்கத்தில் இருந்து உதவ முடியாத இளைய பிள்ளைக்கும் நான் ஆர்.சி.2014ஐயே சொல்வேன். எழுதிய ரோமுடன் வருவதால் அதில் தவறக்கூடிய இடங்கள் குறைவு. முதல் வெற்றி விரைவாகக் கிடைக்க வேண்டிய வயது அது.

65சி02ஐத் தெரிவு செய்பவர் முழுக் கிட்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் 555 கடிகாரச் சுற்றுக்கான பாகங்களை மட்டும் கொழும்பில் வாங்கிக் கட்டுங்கள். செலவு மிகக் குறைவு. அதில் விளக்கு சீராக மினுங்கி, பொத்தானை அழுத்தும்போது ஒன்றே ஒன்று துடித்தால், செயலியையும் எட்டு ரெசிஸ்டர்களையும் வரவழையுங்கள். முகவரி விளக்குகள் எண்ணத் தொடங்கிய பிறகு ஈஈபிரோமும் புரோகிராமரும். அதற்குள் உங்களைப் போலவே கட்டும் இன்னும் இரண்டு மூன்று பேரை நகரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ கண்டுபிடித்திருப்பீர்கள். புரோகிராமரின் விலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எல்.சி.டி. திரையும் ராமும் கடைசியில்.